மேலே யானை, கீழே நாரை, நடுவே நாம்!

ஆறு என்று பெயர். கண்ணில் படுவதோ மணல். பாலம் போட்டிருக்கிறோம், பக்குவமாகத்தான் போட்டிருக்கிறோம்; பாலத்தின் கீழே ஓடவேண்டியதுதான் ஓடக் காணோம்! தென்கரைச் சிற்றூர்களிலிருந்து வாலாஜாபாத் வழியாக ஒரகடத்து ஆலைகளுக்கு வேலைக்கு வரும் தோழர்கள், ஆண்டில் பெரும்பகுதி காண்கிற காட்சி இதுதான். பாட்டன் பாலாறு என்றழைத்தான். பேரன் பாழாறு என்கிறான். ஓர் எழுத்துத்தான் மாறியது; ஒரு நாட்டுப்புறத்தின் வாழ்வே மாறிவிட்டது!

அந்தப் பாலாற்றைப் பற்றி உச்சநீதிமன்றம் 2025 ஜனவரி 30 அன்று ஒரு தீர்ப்புக் கூறிற்று. வேலூர் வட்டாரத்துத் தோல் பதனிடும் ஆலைகள் கழிவைக் கலந்து மண்ணையும் நீரையும் கெடுத்தது பற்றிய வழக்கு அது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அரசு இழப்பீடு வழங்கவேண்டும், வழங்கிய தொகையை மாசு செய்தவர்களிடமிருந்தே வசூலிக்க வேண்டும், ஆற்றை மீட்கும் பணியைக் கண்காணிக்கக் குழு ஒன்று வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். நல்ல தீர்ப்பு. ஆனால் புதிய தீர்ப்பா? 1996 ஆகஸ்ட் 28 அன்று இதே நீதிமன்றம், இதே ஆற்றுக்காக, இதே ஆலைகளின் மீது தீர்ப்புக் கூறியிருக்கிறது. மாசு செய்தவனே அதற்கு ஈடு செய்யவேண்டும் என்ற நெறி இந்நாட்டுச் சட்டத்தில் வேரூன்றியதே அந்தத் தீர்ப்பால்தான். இந்தியா முழுமைக்கும் நெறி தந்த ஆறு, தனக்கு நீதி கிடைக்க 28 ஆண்டுகளுக்கு மேல் காத்துக் கிடந்தது. முதல் தீர்ப்பு வந்த நாளில் தொட்டிலில் கிடந்த பிள்ளை, இரண்டாம் தீர்ப்பு வந்த நாளில் ஆலை வாயிலில் அடையாள அட்டையோடு நிற்கிறான்!

"வழக்கு வேலூருடையது, வாழ்வு ஒரகடத்தில். நமக்கென்ன?" என்று சிலர் கேட்கக்கூடும். ஆறு மாவட்ட எல்லை பார்த்து ஓடுவதில்லை. அதன் அழிவும் அப்படியே. மேலே ஓர் இடத்தில் கை வைத்தால் கீழே பத்து இடத்தில் தொண்டை வறளும். எப்படி என்பதை விளக்கவே இந்தக் கட்டுரை.

கருநாடகத்து நந்தி மலைப் பக்கத்தில் பிறக்கிறது பாலாறு. அங்கே 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் 33 கிலோமீட்டர், நம் மண்ணில் 222 கிலோமீட்டர் என்று 348 கிலோமீட்டர் நடந்து, வயலூர் அருகே கடலில் கலக்கிறது. வழியில் வடக்கேயிருந்து பொன்னையாறு சேர்கிறது. சவ்வாது மலையில் பிறந்த செய்யாறும், காஞ்சியைத் தொட்டு வரும் வேகவதியும் திருமுக்கூடலில் வந்து கூடுகின்றன. ஆகவே இது மலைகள் சேர்ந்து பெற்ற பிள்ளை. ஆனால் காவிரியைப்போல் நாள்தோறும் பால் குடித்து வளர்ந்த பிள்ளையல்ல. மழை பெய்தால் உண்டு, பெய்யாவிட்டால் இல்லை. கோலாரும் குப்பமும் வானம் பார்த்த பூமி. பாறையும் முட்புதரும் நிறைந்த அந்தச் சீமையில், ஆண்டில் சில நாள் ஓடும் நீரைக்கொண்டு பல மாதம் உயிர் வாழக் கற்றுக்கொண்டவர்கள் மனிதர் மட்டுமல்லர்.

யானையும் கற்றுக்கொண்டது! ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத்தில், குப்பம், பலமநேர் பகுதிகளில் உள்ளது கௌண்டின்யா காட்டுயிர்ச் சரணாலயம். நெடுங்காலமாக யானையே இல்லாதிருந்த அந்த வறண்ட காட்டுக்கு, 1980-களில் தமிழக, கருநாடகக் காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் நடந்து வந்து சேர்ந்தன. அவை தங்கியதற்கு மூங்கில் ஒரு காரணம். முதற் காரணம் நீர். கௌண்டின்யாவும் கைகலும் அந்தக் காட்டின் ஓடைகள். இரண்டும் பாலாற்றின் பிள்ளைகள். ஒரு யானைக்கு நாளொன்றுக்கு 100 லிட்டருக்கு மேல் குடிநீர் வேண்டும். ஓடை வற்றினால் யானை மனுப் போடாது. வயலுக்குள் இறங்கும், ஊருக்குள் வரும். குடியாத்தம் பக்கத்து உழவனைக் கேளுங்கள், விளக்கமாகச் சொல்வான். மலையோரத்து நீரைக் கெடுத்தால் காட்டுக்கும் வீட்டுக்கும் போர் மூளும். அந்தப் போரில் மடிவது யானையும் ஏழையும். மணலை அள்ளிய கொள்ளைக்காரனுக்கு ஒரு கீறலும் இல்லை!

மேலே யானை என்றால், கீழே நாரை. வேடந்தாங்கலை அறியாதார் யார்? கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், பாம்புத்தாரா, நீர்க்காகம், வக்கா என்று வகைவகையாக வந்து, ஏரிக்குள் நிற்கும் கடப்ப மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் ஊர். ஒரகடத்திலிருந்து நாரை பறக்கும் நேர்வழியில் 35 கிலோமீட்டர்கூட இல்லை. அந்த ஏரிக்குப் பாலாறு நேரே நீர் ஊற்றுவதில்லை. மழைநீரும் மேலுள்ள ஏரிகளின் உபரிநீரும்தான் அதை நிரப்புகின்றன. ஆனால் கூடு ஓரிடம், சோறு வேறிடம்! வேடந்தாங்கல் நாரை தன் குஞ்சுக்கு நத்தையும் மீனும் தேடிப் போவது சுற்றுவட்டார ஏரிகளுக்கும் நெல்வயல்களுக்கும். அந்த ஏரியும் வயலும் உயிரோடிருப்பது பாலாற்றுப் படுகையின் ஈரத்தால். தங்குமிடம் ஓரிடம், வேலை வேறிடம் என்று பேருந்தேறும் தொழிலாளியின் நிலைதான் நாரைக்கும்!

அந்த ஊர் மக்கள் பறவையைக் காத்த கதை பாடமாகச் சொல்லத் தக்கது. கும்பினி ஆட்சிக் காலத்தில் வெள்ளைச் சிப்பாய்கள் ஏரியில் பறவைகளைச் சுட்டனர். கிராமத்தார் அஞ்சி ஒடுங்கவில்லை. செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேசிடம் முறையிட்டனர். 1798-இல் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்திலே வாங்கினர். ஏன் வாங்கினர்? புண்ணியத்துக்கா? பறவையின் எச்சம் ஏரி நீரில் கலக்கிறது. அந்த நீர் பாயும் வயலுக்கு வேறு உரம் அதிகம் தேவையில்லை. பறவை வாழ்ந்தால் பயிர் வாழும், பயிர் வாழ்ந்தால் தாம் வாழ்வோம் என்ற கணக்கு, பள்ளிப் படியேறாத அந்த உழவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1998-இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வட்டம் சரணாலயம் என்று அறிவிக்கப்பட்டது. 2020-இல் அதை 3 கிலோமீட்டராகச் சுருக்க யோசனை எழுந்தது, எதிர்ப்பும் எழுந்தது. 2022-இல் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் உலகச் சிறப்புடைய ஈரநிலங்களாக ராம்சர் பட்டியலில் இடம் பெற்றன. உலகம் மாலை சூட்டுகிறது. உள்ளூர் அளவுகோலைச் சுருக்கப் பார்க்கிறது!

* * *

இனி நடுவே இருக்கும் நம் கதை.

செங்கற்பட்டுச் சீமைக்கு ஏரி மாவட்டம் என்றே பெயர். இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் 381, செங்கல்பட்டு மாவட்டத்தில் 528 என்று, நீர்வளத் துறையின் பொறுப்பில் மட்டும் 909 ஏரிகள். இவை தனித்தனிக் குட்டைகள் அல்ல. ஒன்றின் உபரி அடுத்ததற்கு வரவு. வாலாஜாவுக்கு அருகே பாலாற்று அணைக்கட்டில் திரும்பும் நீர், காவேரிப்பாக்கம் போன்ற பேரேரிகளுக்குப் போகிறது. அங்கிருந்து வரும் கம்பன் கால்வாய், வழியிலுள்ள ஏரிகளுக்கெல்லாம் ஊட்டிவிட்டுத் திருப்பெரும்புதூர் வரை வருகிறது. ஆம்! நந்தி மலையில் பெய்த மழை, கார் தொழிற்சாலையின் மதிலோரம் வரை வர வழி வெட்டி வைத்துப் போனார்கள் முன்னோர். தோழர்கள் பலருக்கு அந்தக் கால்வாயின் பெயர்கூடத் தெரியாது. குற்றம் அவர்களுடையதல்ல, தூர்ந்துபோன கால்வாயை யார் அறிமுகப்படுத்துவது?

ஆற்றின் மணலைப் பற்றியும் ஒரு சொல். நீர் ஓடாத நாளிலும் பாலாறு செத்துக் கிடப்பதில்லை. மணலுக்குள் மறைந்து நகர்ந்துகொண்டிருக்கிறது. மணலின் கனத்தில் கால் பங்குக்கு மேல் இடைவெளி. அந்த இடைவெளியெல்லாம் நீர்க்கிடங்கு. மேலே நின்றால் ஆவியாகிப் போகும் நீர், மணலுக்கடியில் பல மாதம் தங்கும். அதனால்தான் ஆற்றுக்குள்ளேயே ஊற்றுக்கால் தோண்டி, கோடையிலும் வயலுக்கு நீர் கொண்டுபோனார்கள் அந்நாள் உழவர்கள். இன்றும் வேலூரும் காஞ்சியும் தாம்பரமும் கல்பாக்கமும் அந்தப் படுகைக் கிணறுகளை நம்பியிருக்கின்றன. அந்த மணலை இரவோடிரவாக லாரியில் ஏற்றினார்களே, ஏற்றியது மணலையா? நாளைய தண்ணீரை! மாடி வீடு எழும்பிற்று. அடுக்கு மாளிகை எழும்பிற்று. அவற்றுக்கு வேண்டிய நீர் தங்கும் கிடங்கு மட்டும் தாழ்ந்து போயிற்று. அடிக்களிமண் தெரிந்த இடத்தில் வெள்ளம் நிற்காது. வழுக்கிக்கொண்டு கடலுக்கு ஓடிவிடும். 2021 நவம்பரில் பாலாற்றில் இரு கரையும் புரள வெள்ளம் வந்ததைக் கண்டோம். சில மாதங்களில் மணல் காய்ந்ததையும் கண்டோம்.

ஒருபுறம் வறட்சி, மறுபுறம் வெள்ளம். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் நிரம்பி வழிந்தது. மணிமங்கலம், ஆதனூர்ப் பக்கத்து நீரும் சேர்ந்து அடையாற்றில் புரண்டது; முடிச்சூரும் வரதராசபுரமும் மூழ்கின. 2019 கோடையில் அதே செம்பரம்பாக்கம் வெடித்துக் கிடந்தது; சென்னை குடத்தோடு தெருவில் நின்றது. நான்கே ஆண்டு இடைவெளியில் மூழ்கியும் மடிந்தோம், காய்ந்தும் மடிந்தோம்! வானத்தின் மீது பழி போட்டுத் தப்பிக்க முடியாது. நீர் தங்குமிடத்தில் கட்டடம் எழுப்பினால், மழைக்காலத்தில் நீர் வீட்டுக்குள் தங்கும். கோடையில் எங்குமே தங்காது.

"அப்படியானால் தொழில் வேண்டாமா? பறவைக்காகப் பட்டினி கிடப்பதா?" என்று சீறுவோர் உண்டு. தெற்கே தொழில் வேண்டும் என்று மேடைதோறும் முழங்கியவர்கள் நாம். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் ஹூண்டாய் கார் வெளிவந்தபோதும், 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறந்தபோதும் மகிழ்ந்தவர்கள் நாம். கலப்பை பிடித்த கையின் மகன் இயந்திரத்தை இயக்குகிறான். கூலிக்குக் குனிந்த வீட்டின் மகள் கைப்பேசியைக் கோத்துத் தருகிறாள். அதில் நமக்குப் பெருமை உண்டு. அந்த ஆலைகளை இழக்க நாம் ஒப்போம். ஆனால் நாம் கேட்பது இது: காருக்கு வண்ணம் பூச நல்ல நீர் கிடைக்கிறது; அந்தக் காரைச் செய்தவன் குடிக்க, வாடகை அறையில் 20 லிட்டர் கேனை விலைக்கு வாங்கவேண்டியிருக்கிறது. இது எந்த ஊர் நியாயம்? கூலி உயர்வுக்குக் கொடி பிடிக்கிறோம். உயர்ந்த கூலியில் ஒரு பகுதி கேனாகவும் லாரித் தண்ணீராகவும் மருந்துச் சீட்டாகவும் திரும்பிப் போய்விடுகிறதே, அதைக் கணக்குப் பார்த்தோமா?

தொழிலா ஆறா என்ற கேள்வியே தவறான கேள்வி என்பதற்குச் சான்று தொலைவில் இல்லை. 2019-இல் கோயம்பேட்டில் ஒரு நிலையம் செயற்பாட்டுக்கு வந்தது. சென்னையின் கழிவுநீரைப் பல படிகளில் தூய்மை செய்து, நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் தரவல்லது. அந்த நீர் நீண்ட குழாய் வழியாக இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்கு வருகிறது. சென்னை குளித்து விட்ட நீரில் ஒரகடத்து இயந்திரம் ஓடுகிறது! ஆற்றைத் தொடாமலே ஆலையை ஓட்ட முடியும் என்று மெய்ப்பித்த பிறகு, எல்லாத் தொழிற்பேட்டைகளுக்கும் அதை விரிவாக்குவதில் தயக்கம் ஏன்? புதிய ஆலைக்கு நிலம் ஒதுக்கும் தாளிலேயே, "உன் இயந்திரத்துக்கு மறுபயன் நீர், ஏரிநீர் மக்களுக்கு" என்று எழுதிவிட்டால் எந்த முதலாளி ஓடிவிடுவான்?

கடல் கடந்தும் ஒரு பாடம் உண்டு. ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டில் எவாசோ நீரோ என்று ஓர் ஆறு. கென்யா மலையிலும் அபர்தேர் மலையிலும் பிறந்து, வறண்ட சம்புரு நிலத்துக்குள் இறங்குகிறது. அங்கே யானையும் வரிக்குதிரையும் ஒட்டகச்சிவிங்கியும், ஆடுமாடு மேய்க்கும் மக்களும் அந்த ஒரே நீரை நம்பி வாழ்கின்றனர். மலையடிவாரத்திலோ, ஐரோப்பாவின் மேசைகளை அழகுபடுத்தப் பூந்தோட்டங்கள். மேலே நீரை உறிஞ்ச உறிஞ்ச, கோடையில் கீழே ஆறு நின்று போகிறது. நின்றதும் விலங்கோடு விலங்கு மோதவில்லை. மனிதனோடு மனிதன் மோதினான். அங்கே பூ ஏற்றுமதி. இங்கே தோல் ஏற்றுமதி. எங்கோ ஒருவர் மேசையில் மலர், எங்கோ ஒருவர் காலில் பளபளக்கும் காலணி. அதற்கு ஆற்றோரத்து ஏழை கொடுக்கும் விலை மட்டும் எந்தச் சீட்டிலும் எழுதப்படுவதில்லை.

அந்த விலையை ராணிப்பேட்டை கொடுத்தது. 2015 ஜனவரி 31 அதிகாலை, சிப்காட்டில் தோல் கழிவுநீரைத் தூய்மை செய்யும் நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்தில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் நச்சுச் சேற்றில் மூழ்கி மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆற்றைக் கொல்லும் சேறு, ஆளையும் கொல்லும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அதே ஊரில், மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை விட்டுப்போன நச்சுக் கழிவு ஒரு லட்சம் டன்னுக்கும் மேல் மலையாகக் குவிந்தது. மழை பெய்யும் போதெல்லாம் நிலத்தடியில் இறங்கியது. ஆலை மூடியது 1995-இல். லாபத்தை எடுத்துச் சென்றவர்கள், நஞ்சை மட்டும் நமக்குப் பொதுவுடைமையாக்கிச் சென்றனர்!

மேலண்டை மாநிலங்களோடும் நமக்குக் கணக்கு உண்டு. 1892-இல் சென்னை மாகாணமும் மைசூரும் செய்த ஒப்பந்தத்தில் பாலாறும் அடங்கும். கீழுள்ளவர் இசைவின்றி மேலே புது அணை கூடாது என்பது அதன் கருத்து. குப்பத்தருகே ஆந்திரம் அணை கட்ட முனைந்தபோது, 2006-இல் தமிழ்நாடு உச்சநீதிமன்றம் சென்றது. உரிமைக்குக் குரல் கொடுக்கத்தான் வேண்டும். ஓங்கிக் கொடுக்க வேண்டும். ஆனால் 33 கிலோமீட்டர் ஓடும் ஆந்திரத்தை நோக்கி விரல் நீட்டும் நாம், 222 கிலோமீட்டர் ஓடும் நம் மண்ணில் மணலை அள்ளியது யார், கழிவைக் கொட்டியது யார், ஏரி வாய்க்காலை மறித்தது யார் என்பதற்கும் விடை சொல்லியாக வேண்டும். எல்லையில் வீரமும் வீட்டில் மௌனமும் ஒன்றாக நிற்கா. கோட்டையில் எவர் கொடி பறந்தாலும் இந்தக் கேள்வி பொருந்தும்.

பரந்தூர் விமான நிலையம் பற்றி 2022 முதல் பெரும் விவாதம் நடக்கிறது. வேண்டும் என்போர் உளர். வீட்டையும் வயலையும் விட மறுத்துப் போராடும் ஏகனாபுரத்து மக்களும் உளர். அந்த வாதத்தை இங்கே நீட்டவில்லை. ஒன்றை மட்டும் கேட்கிறோம். குறிக்கப்பட்ட அந்த நிலத்தின் ஊடே கம்பன் கால்வாய் செல்கிறது, ஏரிகள் இருக்கின்றன. கால்வாயை மறித்தால் கீழுள்ள ஏரிகளுக்கு நீர் எந்த வழியில் வரும்? வானூர்தியிலா? இதற்கு வரைபடத்தோடு விடை கூறாமல் ஒரு கூடை மண்கூட வெட்டலாகாது.

* * *

நீரை யார் ஆள்வது என்பதற்கு நம் மண்ணிலேயே பழைய ஏடு உண்டு. கல்லில் பொறித்த ஏடு! பாலாற்றுக்குத் தெற்கே உத்திரமேரூர்க் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலை முறையில் தேர்ந்தெடுத்த வாரியங்களில் ஏரி வாரியம் ஒன்று. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் வரமுடியாது. அவன் உறவினரும் வரமுடியாது. அந்தச் சபையில் யார் அமர முடிந்தது, யார் வாயிலில் நிறுத்தப்பட்டனர் என்பதை நாம் மறந்துவிடவில்லை. நிலமும் வேதமும் உடையவனுக்கே அங்கே இடம். ஏரியை வெட்டிய கைகளுக்கு இடமில்லை. ஆகவே அந்தச் சபை நமக்கு வேண்டாம். அந்தக் கணக்கு வேண்டும்! ஏரிக்கு ஒரு வாரியம், அதில் உழவனும் மீனவனும் ஆலைத் தொழிலாளியும், ஆண்டுதோறும் ஊரறியக் கணக்கு. ஆயிரம் ஆண்டுக்கு முன் ஓலையில் எழுத முடிந்ததை, கணினி செய்யும் ஊரில் செய்ய முடியாதா?

என்ன செய்ய வேண்டும் என்பதைச் சுருங்கச் சொல்வோம். பாலாற்றில் எஞ்சிய மணலில் எவரும் கை வைக்கலாகாது. 2025 தீர்ப்பு சொன்ன இழப்பீடு, வாரிசுகளின் கைக்கல்ல, பாதிக்கப்பட்டவர் கைக்கே, அவர் உயிரோடிருக்கும்போதே சேரவேண்டும். அணைக்கட்டிலிருந்து திருப்பெரும்புதூர் வரை கால்வாய்கள் அளந்து கல் நடப்பட வேண்டும். தொழிற்பேட்டைகளுக்கு மறுபயன் நீர் கட்டாயமாக வேண்டும்.

இவை அரசின் வேலை. தொழிலாளிக்கு ஒரு வேலை உண்டு. அவனால் மட்டுமே முடிகிற வேலை. எந்தக் குழாய் எங்கிருந்து வருகிறது, இரவில் எந்த அடைப்பான் திறக்கிறது, எந்த லாரி எதை ஏற்றிக்கொண்டு எந்தப் பக்கம் போகிறது என்பது ஆண்டுக்கொருமுறை வந்து தேநீர் அருந்திப் போகும் அதிகாரிக்குத் தெரியாது. அங்கே நிற்கும் தொழிலாளிக்குத் தெரியும். ஆலை எவ்வளவு நீர் எடுக்கலாம், கழிவை எப்படி விடலாம் என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையில் எழுதப்பட்டிருக்கிறது. அதைக் கேட்டுப் பெற 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. தாளில் உள்ளதையும் தரையில் உள்ளதையும் ஒப்பிட ஒரு மாலைப் பொழுது போதும்.

ஆகவே தோழர்களே, அடுத்த கோரிக்கைப் பட்டியல் எழுதும்போது ஊதியம் எழுதுங்கள், போனஸ் எழுதுங்கள், பணி நிரந்தரம் எழுதுங்கள். அவற்றின் கீழே இரண்டு வரி சேர்த்தெழுதுங்கள்: "எங்கள் ஆலைக்கு நீர் எங்கிருந்து வருகிறது? எங்கள் ஆலையின் கழிவு எங்கே போகிறது?" யானைக்குச் சங்கம் இல்லை, நாரைக்கு வாக்குச் சீட்டு இல்லை. இரண்டும் உள்ளவர் நீங்கள். கேளுங்கள், விடை வரும்வரை கேளுங்கள்!